‘சதுரத்துக்கு எவ்வளவு?’ - வீடு கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சொல்லின் கணக்கு

“மேஸ்திரி அண்ணே, ஊர்ல வீடு கட்டலாம்னு இருக்கோம். எவ்வளவு ஆகும்?”

“எத்தனை சதுரம் தம்பி?”

“சதுரம்னா? ஆயிரம் ஸ்கொயர் ஃபீட் வரும்ணே.”

“அப்ப பத்துச் சதுரம். சதுரத்துக்கு ரெண்டு லட்சம்னு வச்சுக்கோங்க. இருபதுல முடிச்சிடலாம்.”

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்த்துக்கொண்டு, சொந்த ஊரில் வீடு கட்ட நினைக்கும் பலருக்கு முதல் உரையாடல் இப்படித்தான் தொடங்குகிறது. ‘இருபது லட்சம்’ என்பது மட்டும் மனதில் நிற்கும். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிப்பதும் அதை வைத்துத்தான். கட்டி முடிக்கும்போது தொகை எங்கோ போய் நிற்கும். “மேஸ்திரி ஏமாத்திட்டார்” என்று ஒரு பக்கம் பேச்சு. “நான் சொன்ன கணக்கு வேற, அவங்க புரிஞ்சுக்கிட்டது வேற” என்று இன்னொரு பக்கம்.

பல நேரங்களில் இரண்டு பேருமே பொய் சொல்வதில்லை. ‘சதுரம்’ என்ற ஒரே சொல்லை இருவரும் வெவ்வேறு பொருளில் பயன்படுத்தியிருப்பார்கள். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த இந்தச் சொல்லுக்குள் எத்தனை அர்த்தங்கள் இருக்கின்றன? அவை எங்கே நம் பணத்தில் கைவைக்கின்றன?

பள்ளிக்கூடத்துச் சதுரம்

‘சதுர்’ என்றால் வடமொழியில் நான்கு. நான்காம் நாள் திதி சதுர்த்தி. யானை, தேர், குதிரை, காலாள் என நான்கு அங்கங்கள் கொண்ட படை சதுரங்கம். அந்தப் பெயர்தான் பிறகு செஸ் விளையாட்டுக்கு வந்தது. வீரமாமுனிவர் 1732-ல் தொகுத்த அகராதிக்குச் ‘சதுரகராதி’ என்று பெயர் வந்ததும் அது நான்கு பகுதிகளாக இருப்பதால்தான். இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் சதுரமும்.

கணக்குப் புத்தகத்தில் சதுரம் என்றால் ஒரு வடிவம். நான்கு பக்கமும் சமம், நான்கு மூலையும் 90 டிகிரி. இதில் இரண்டாவது நிபந்தனையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நான்கு பக்கமும் 10 அடி இருந்தாலும் மூலை சாய்ந்திருந்தால் அது சதுரம் இல்லை, சாய்சதுரம். அதன் பரப்பும் 100 சதுர அடியை விடக் குறைவு.

அஸ்திவாரம் தோண்டும் முன் மேஸ்திரிகள் கயிறு கட்டி, மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பார்ப்பது இதற்காகத்தான். 10 அடிச் சதுர அறை என்றால் இரண்டு மூலைவிட்டங்களும் ஏறத்தாழ 14 அடி 1¾ அங்குலம் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவாக இல்லையென்றால் மூலை மட்டம் இல்லை என்று பொருள். டைல்ஸ் ஒட்டும்போது சுவரோரம் கோணலாக வெட்ட வேண்டி வருவது பெரும்பாலும் இந்த இடத்தில் நடந்த தவறால்தான்.

ஆங்கிலத்தில் வடிவத்துக்கும் ‘ஸ்கொயர்’, ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்குவதற்கும் ‘ஸ்கொயர்’. தமிழ்ப் பாடப்புத்தகம் இதில் தெளிவாக இருக்கிறது. வடிவம் சதுரம், பெருக்கல் வர்க்கம். ஐந்தின் வர்க்கம் 25 என்றுதான் சொல்கிறோம், ஐந்தின் சதுரம் என்று சொல்வதில்லை. குழப்பம் வருவது பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்த பிறகுதான்.

மேஸ்திரியின் சதுரம்

கட்டுமானத் தொழிலில் சதுரம் என்பது வடிவம் அல்ல, ஓர் அளவு. 10 அடி நீளம், 10 அடி அகலம் கொண்ட பரப்பு, அதாவது 100 சதுர அடி, ஒரு சதுரம். அந்த 100 சதுர அடி எந்த வடிவத்தில் வேண்டுமானாலும் இருக்கலாம். 5 அடி அகலமும் 20 அடி நீளமும் கொண்ட வராந்தாவும் ஒரு சதுரம்தான்.

இது தமிழ்நாட்டில் மட்டும் இருக்கும் பழக்கம் இல்லை. பெங்களூருவிலும் வீட்டுக் கட்டுமானத்தைச் சதுரக் கணக்கில்தான் பேசுகிறார்கள். அங்கும் 100 சதுர அடிதான். அமெரிக்காவில் கூரை வேய்பவர்களும், ஆஸ்திரேலியாவில் வீடு கட்டுபவர்களும் ‘ஸ்கொயர்’ என்று சொல்வது இதே 100 சதுர அடியைத்தான்.

மனக்கணக்குக்கு இது வசதி. சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்றால் சதுரத்துக்கு 2 லட்சம். 1,250 சதுர அடி வீடு பன்னிரண்டரைச் சதுரம், ஆக 25 லட்சம். கால்குலேட்டர் தேவையில்லை. (இந்தக் கட்டுரையில் வரும் விலைகள் கணக்கு புரிவதற்காக எடுத்துக்கொண்டவை. சந்தை விலை ஊருக்கு ஊர் மாறும்.)

‘பத்தடிச் சதுரம்’ வேறு, ‘பத்து சதுர அடி’ வேறு

கேட்க ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு சொற்கள். பத்தடிச் சதுரம் என்றால் பக்கத்துக்குப் பத்து அடி, மொத்தம் 100 சதுர அடி. பத்து சதுர அடி என்றால் வெறும் பத்துதான். ஓர் ஆள் படுத்துத் தூங்கத்தான் அந்த இடம் போதும்.

எண் பெரிதாகப் பெரிதாக வித்தியாசமும் பெரிதாகும். முப்பதடிச் சதுரம் 900 சதுர அடி; முப்பது சதுர அடி ஒரு குளியலறை அளவு. பக்கம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும் என்பது இதன் அடிப்படை. “ஹாலை ரெண்டு பக்கமும் கொஞ்சம் பெருசா போட்டுக்கலாம்” என்று 10-க்கு 10 அறையை 12-க்கு 12 ஆக்கினால், கூடுவது இரண்டு அடிதானே என்று தோன்றும். உண்மையில் 100 சதுர அடி 144 ஆகிவிடும். கிட்டத்தட்ட அரைச் சதுரம் கூடுதல். சதுரத்துக்கு 2 லட்சம் கணக்கில் இது 88,000 ரூபாய்.

சட்ட விதிகளைப் படிக்கும்போதும் இந்தக் கவனம் வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்தில் வரும் திட்டங்களுக்கு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு கட்டாயமில்லை. இந்த 500 சதுர மீட்டர் என்பது சுமார் 5,382 சதுர அடி, அதாவது இரண்டேகால் கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவு. இதை ‘500 மீட்டர் சதுரம்’ என்று புரிந்துகொண்டால் நிலம் அறுபது ஏக்கரைத் தாண்டிவிடும்.

சுவர் யாருடைய கணக்கில்?

இப்போது மேஸ்திரியின் பத்துச் சதுரத்துக்குத் திரும்பலாம். வீட்டுக்காரரின் மனதில் இருப்பது 25 அடிக்கு 40 அடி, புழங்கும் இடம். 25-ஐ 40-ஆல் பெருக்கினால் 1,000 சதுர அடி, பத்துச் சதுரம். சரிதானே?

சரிதான், சுவரே இல்லாத வீடாக இருந்தால். வெளிச்சுவர் 9 அங்குலம், அதாவது முக்கால் அடி. இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றரை அடி. வெளியிலிருந்து அளந்தால் வீடு 26.5 அடிக்கு 41.5 அடி. பரப்பு 1,099.75 சதுர அடி, கிட்டத்தட்ட பதினொரு சதுரம். மேஸ்திரி வெளி அளவில்தான் கணக்குப் போடுவார். சுவர் கட்டவும் செங்கல், சிமென்ட், கூலி எல்லாம் ஆகிறது என்பதால் அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் வீட்டுக்காரர் மனதில் வைத்திருந்த 20 லட்சம், சுவர் கணக்கிலேயே 22 லட்சம் ஆகிவிட்டது.

மாறாக, வெளி அளவே 25-க்கு 40 என்று வைத்துக்கொண்டால், உள்ளே கிடைப்பது 23.5-க்கு 38.5 அடி, சுமார் 905 சதுர அடி. உள்சுவர்களையும் கழித்தால் இன்னும் குறையும். பணம் பத்துச் சதுரத்துக்கு. புழங்குவது ஒன்பதுக்கும் குறைவான இடத்தில்.

சுவரோடு இது முடிவதில்லை. போர்ட்டிகோவுக்கு மேல் காங்கிரீட் இருந்தால் அது சதுரக் கணக்கில் வருமா? முழுதாகச் சேர்ப்பவர்களும் உண்டு, பாதியாகப் போடுபவர்களும் உண்டு. மொட்டை மாடியில் படிக்கட்டுக்கு மேல் கட்டும் அறை சேருமா? பால்கனி? மாடி வீடு என்றால் ‘பத்துச் சதுரம்’ என்பது ஒரு தளத்துக்கா, இரண்டுக்கும் சேர்த்தா? இதற்கெல்லாம் ஊர் முழுக்க ஒரே விதி கிடையாது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் விதி. எழுதவில்லை என்றால், யார் குரல் உயர்கிறதோ அதுதான் விதி.

ஃபிளாட் வாங்கினால்?

அடுக்குமாடியில் யாரும் சதுரம் என்று பேசுவதில்லை. எல்லாம் ‘ஸ்கொயர் ஃபீட்’தான். ஆனால் ஒரே வீட்டுக்கு மூன்று விதமான ஸ்கொயர் ஃபீட் சொல்வார்கள்.

சுவர்களுக்குள் நாம் உண்மையில் புழங்கும் பரப்பு கார்பெட் ஏரியா. அதோடு வெளிச்சுவர், பால்கனி ஆகியவற்றைச் சேர்த்தால் பில்ட்-அப் ஏரியா. அதற்கும் மேல் லிஃப்ட், படிக்கட்டு, நடைபாதை, கிளப் ஹவுஸ் போன்ற பொது இடங்களில் ஒரு பங்கைச் சேர்த்தால் சூப்பர் பில்ட்-அப் ஏரியா. முதல் அளவுக்கு மட்டும்தான் சட்டம் தெளிவான வரையறை தந்திருக்கிறது.

2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, கார்பெட் ஏரியாவில் வெளிச்சுவர்கள் சேராது. குழாய், ஒயர் செல்லும் ஷாஃப்ட் சேராது. பால்கனி, வராந்தா, திறந்த மாடி சேராது. வீட்டுக்குள் இருக்கும் தடுப்புச் சுவர்களின் இடம் மட்டும் சேரும்.

ஏன் இது முக்கியம்? ஒரு ஃபிளாட்டை 1,000 சதுர அடி, சதுர அடி 6,000 ரூபாய், மொத்தம் 60 லட்சம் என்று சொல்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். அந்த 1,000 என்பது சூப்பர் பில்ட்-அப் கணக்கு. கார்பெட் ஏரியா 700 சதுர அடி. அப்படியானால் நாம் புழங்கும் ஒவ்வொரு சதுர அடிக்கும் கொடுக்கும் விலை 8,571 ரூபாய். பக்கத்துத் தெருவில் ‘சதுர அடி 6,500’ என்று சொன்ன வீட்டின் கார்பெட் ஏரியா 800 ஆக இருந்தால், அங்கே உண்மையான விலை 8,125 தான். விளம்பரத்தில் மலிவாகத் தெரிந்தது கணக்கில் விலை கூடியதாகிவிடுகிறது.

இதே பத்திரத்தில் நான்காவதாக ஒரு சதுர அடியும் வரும். அதுதான் யூ.டி.எஸ். எனப்படும் பிரிக்கப்படாத நிலப் பங்கு. அது வீட்டின் அளவு அல்ல. மொத்த மனையில் உங்கள் பெயருக்கு வரும் நிலத்தின் அளவு. கட்டிடம் பழையதாகி இடித்துக் கட்டும் நாளில் பேச்சுக்கு வருவது இந்தச் சதுர அடிதான்.

பட்டாவில் ஒளிந்திருக்கும் சதுரம்

நிலத்துக்கு வந்தால் பெயர்கள் மாறும். ஆனால் பல அளவுகளுக்கு அடியில் சதுரம்தான் இருக்கிறது.

சென்னையில் கிரவுண்ட், 2,400 சதுர அடி. மேஸ்திரி கணக்கில் 24 சதுரம். மற்ற ஊர்களில் சென்ட், 435.6 சதுர அடி. நூறு சென்ட் ஓர் ஏக்கர். காவிரி டெல்டாவில் இன்றும் ‘குழி’, ‘மா’ என்று பேசுவார்கள். ஒரு குழி என்பது பன்னிரண்டடிச் சதுரம், அதாவது 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா. ஏறத்தாழ 33 சென்ட்.

பட்டாவில் இவை எதுவும் இருக்காது. அங்கே ஹெக்டேர், ஏர் என்றுதான் இருக்கும். ஒரு ஏர் என்பது பத்து மீட்டர்ச் சதுரம், 100 சதுர மீட்டர். மேஸ்திரி அடியில் வைத்திருக்கும் அதே பத்துக்குப் பத்துதான், மீட்டரில்! ஒரு ஏர் 1,076 சதுர அடி, சுமார் 2.47 சென்ட்.

பட்டாவில் ‘0 - 2.50’ என்று இருந்தால் அது இரண்டரை ஏர். அதை இரண்டரை சென்ட் என்று வாசித்தால் 1,089 சதுர அடி என்று தோன்றும். உண்மையில் அது 250 சதுர மீட்டர், சுமார் 2,691 சதுர அடி. ஆறு சென்டுக்கும் மேல். அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிக்கும்போதும், அவசரத்துக்கு நிலத்தை விற்கும்போதும் இந்த ஒரு வாசிப்புத் தவறு சிறிய தவறாக இருக்காது.

வேலைக்காக ஹைதராபாத் போனவர்கள் அங்கே மனை வாங்கப் போனால் ‘கஜம்’ என்ற சொல்லைக் கேட்பார்கள். அது சதுர கஜம், ஒன்பது சதுர அடி. ‘200 கஜம்’ என்றால் 1,800 சதுர அடி. பெங்களூருவில் ‘தர்ட்டி ஃபார்ட்டி சைட்’ என்பது 30-க்கு 40 அடி, 1,200 சதுர அடி.

பரப்பு ஒன்றாக இருந்தாலும் வடிவம் செலவை மாற்றும் என்பதையும் மறக்கக் கூடாது. 30-க்கு 40 மனையும் 1,200 சதுர அடிதான், 20-க்கு 60 மனையும் 1,200 சதுர அடிதான். முதல் மனையைச் சுற்றிக் காம்பவுண்ட் கட்ட 140 அடி நீளச் சுவர் போதும். இரண்டாவதுக்கு 160 அடி வேண்டும். மனை சதுரத்துக்கு எவ்வளவு நெருக்கமோ, சுற்றுச்சுவர் செலவு அவ்வளவு குறைவு.

சதுரத்துக்குள் அடங்காதவை

சதுரம் பரப்பை மட்டும்தான் சொல்லும். உயரமும் ஆழமும் அதில் இல்லை. மணல், ஜல்லி வாங்கும்போது பேச்சு ‘யூனிட்’டுக்கு மாறிவிடும். ஒரு யூனிட் 100 கன அடி. ரெடிமிக்ஸ் காங்கிரீட் கன மீட்டரில் வரும். ஐந்து அங்குல கனத்தில் ஒரு சதுரம் ரூஃப் போட சுமார் 42 கன அடி, அதாவது 1.18 கன மீட்டர் காங்கிரீட் வேண்டும். அதையே ஆறு அங்குலமாகப் போட்டால் ஐந்தில் ஒரு பங்கு கூடும். ஆனால் சதுரக் கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான்.

தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர், கேட், போர்வெல் ஆகியவையும் பொதுவாகச் சதுர விலைக்குள் வருவதில்லை. “சதுரத்துக்கு ரெண்டு லட்சம்” என்று சொன்னவர் இவற்றைச் சேர்த்துச் சொல்லியிருப்பார் என்று நாமாக நினைத்துக்கொள்வதில்தான் பட்ஜெட் கைமீறுகிறது. சொன்ன விலை லேபர் மட்டுமா, மெட்டீரியலோடு சேர்த்தா என்பதே சில நேரம் பாதி வேலை நடந்த பிறகுதான் பேச்சுக்கு வரும்.

அனுமதி வாங்கும் இடத்திலும் சதுர அடி முக்கியம். தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் தொடங்கப்பட்ட சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரையிலான தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட குடியிருப்புக்கு ஆன்லைனில் உடனடி அனுமதி பெறலாம். இதில் முதல் எண் மனையின் பரப்பு, இரண்டாவது எண் கட்டிடத்தின் பரப்பு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு பிளான் போட்டால் வரம்பைத் தாண்டிவிட வாய்ப்பு உண்டு.

போனை வைக்கும் முன் கேட்க வேண்டியவை

“சதுரத்துக்கு எவ்வளவு?” என்ற கேள்வி தவறில்லை. அதோடு நிறுத்திவிடுவதுதான் தவறு. கூடவே இவற்றையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம்:

* அளவு வெளிச்சுவரோடு சேர்த்தா, உள் அளவா?
* போர்ட்டிகோ, பால்கனி, மாடிப்படி அறை எல்லாம் முழுக் கணக்கா, பாதியா, சேராதா?
* சொன்ன சதுரம் ஒரு தளத்துக்கா, எல்லாத் தளத்துக்கும் சேர்த்தா?
* லேபர் மட்டுமா, மெட்டீரியலோடா?
* ரூஃப் எத்தனை அங்குலம், சுவர் எத்தனை அங்குலம்?
* தொட்டி, செப்டிக் டேங்க், காம்பவுண்ட் இதில் உண்டா?
* ஃபிளாட் என்றால், கார்பெட் ஏரியா எவ்வளவு, யூ.டி.எஸ். எவ்வளவு?
* நிலம் என்றால், பட்டாவில் உள்ள ஏர் அளவை சதுர அடியில் மாற்றினால் பத்திரத்தில் உள்ள அளவோடு பொருந்துகிறதா?

மேஸ்திரியும் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். வேலை முடியும்போது கடைசித் தவணைக்காக வாசலில் நின்று வாதாடுவதை விட, தொடங்கும் முன் டேப்பை விரித்துப் பேசுவது அவருக்கும் லாபம்தான். “தம்பி, வெளி அளவுல பதினொரு சதுரம் வருது, போர்ட்டிகோ தனி” என்று அவர் முதல் நாளே சொல்லிவிட்டால், வங்கியில் கேட்க வேண்டியது 20 லட்சம் அல்ல, அதற்கும் மேல் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.